எல்லாமே பிடிக்கும் என்கிற பிள்ளை எங்கே விண்ணப்பிப்பது?

மொரிஷியஸ், ரோஸ் ஹில் வாசகர் ஒருவரின் கேள்வி, 9 பிப்ரவரி 2025

மகள் இந்த வருடம் அப்பர் சிக்ஸ், பள்ளியில் கடைசி வருடம். பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சிக்குக் கணக்கு, பயாலஜி, தமிழ் மூன்றும் முக்கியப் பாடம். இது போதாது என்று ஓவியமும் வரைகிறாள். எதை விடப் போகிறாய் என்று கேட்டால், எதற்கு விடவேண்டும் என்று திருப்பிக் கேட்கிறாள். எந்த மாதிரி இடங்களுக்கு, எத்தனைக்கு விண்ணப்பிப்பது? எல்லாவற்றிலும் ஆர்வம் என்றால் எதிலும் ஆர்வம் இல்லை என்றுதான் அர்த்தம் என்கிறார் என் அண்ணன்.

12 பிப்ரவரி 2025

நேற்றுக் காவடி. கோர் தெ கார்த் மலைக்கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்ததில் பாதம் இன்னும் எரிகிறது, உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதுகிறேன். எங்கேயாவது கோபம் தெரிந்தால் கால்வலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. இருபது வருடமாக பயாலஜி நடத்துகிறேன், எதிலும் ஆர்வமில்லாத பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் எதையும் விடமாட்டேன் என்று அடம்பிடித்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, எந்த நாளில் முடிவைச் சொல்லச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தில் விண்ணப்பிக்கும் அன்றே பாடத்தைச் சொல்லிவிட வேண்டும், பெரும்பாலும் மூன்று வருடமும் அதேதான். ஸ்காட்லாந்தில் பட்டம் நான்கு வருடம், எடின்பரோ, கிளாஸ்கோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் மாதிரி இடங்களில் முதல் இரண்டு வருடம் இரண்டு மூன்று பாடங்களைச் சேர்த்து நடத்திவிட்டு அப்புறம் குறைக்கலாம். அமெரிக்காவில் பல இடங்களில் இரண்டாம் வருட முடிவு வரை மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எது என்று சொல்லத் தேவையில்லை. நம் ரெதுயியில், அதாவது மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தில், எந்தப் பட்டத்துக்கு இடம் கிடைத்ததோ அதற்குள்தான் முதல் நாளிலிருந்தே. தலைவிதி மாறும் இடம் இதுதான், தரவரிசைப் பட்டியல் அப்புறம்.

12 பிப்ரவரி, இரவு

ஒரு வேடிக்கை. அம்மாவிடம் போனில், யாரோ கல்லூரி எது என்று கேட்டிருக்கிறார், பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "ஏன், அந்தப் பிள்ளை இன்னும் ஆறாவது முடிக்கவில்லையா?" என்றார். நம் ஊரில் கொலேஜ் என்றால் உயர்நிலைப் பள்ளி, இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்காரர்களோடு பேசும்போதெல்லாம் குழப்பம். 1998இல் சென்னைக்குப் போய், நான் கொலேஜை முடித்துவிட்டேன், இனிமேல்தான் பல்கலைக்கழகம் என்று சொல்ல, விடுதித் தோழிகள் என்னை முதுகலை மாணவி என்று நினைத்து ஒரு வாரம் அக்கா என்று கூப்பிட்டார்கள். நானும் திருத்தவில்லை.

16 பிப்ரவரி

சென்னைக் கதையைக் கேட்டிருக்கிறீர்கள். இந்திய அரசின் உதவித்தொகையில் போனேன், தாவரவியல் மேஜர். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் ஒரு முறை உண்டு: பகுதி ஒன்று தமிழோ வேறு மொழியோ, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் மேஜரும், அல்லைடு என்கிற துணைப்பாடமும். வெளிநாட்டுக்காரி, பிரெஞ்சு தெரியும், பகுதி ஒன்றில் பிரெஞ்சு எடுத்துத் தூங்கிக்கொண்டே தேர்வு எழுதியிருக்கலாம். பிடிவாதமாகத் தமிழ் எடுத்தேன். முதல் பருவத்தில் நாற்பதுகூட வரவில்லை. இங்கே பள்ளியில் அத்தனை வருடம் தமிழ் படித்தது அங்கே கடைக்காரரிடம் சில்லறை கேட்கக்கூட உதவவில்லை.

ஆனால் ஒரு நாளைச் சொல்கிறேன். காலை முதல் மணி தமிழ், சங்கப் பாட்டு, பெண்ணின் விரலுக்குக் காந்தள் பூவை உவமை சொல்கிறான். மத்தியானம் ஆய்வகத்தில் வெங்காய வேர்நுனியை கோல்சிசின் கரைசலில் ஊறவைத்து குரோமோசோம் பார்க்கிறோம். இந்த கோல்சிசின் எதிலிருந்து வருகிறது தெரியுமா என்று மிஸ் கேட்டார், யாருக்கும் தெரியவில்லை. செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது, தமிழ்நாட்டில் அதற்காகவே பயிரிடுகிறார்கள் என்றார். நான் காலையில் எழுதிய தமிழ்நோட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு வகுப்பும் ஒரே நாளில் வந்தது கால அட்டவணை போட்டவரின் புண்ணியம், நான் திட்டமிட்டதல்ல. பல பாடம் படிப்பதற்கு நான் சொல்லக்கூடிய ஒரே காரணம் இதுதான், விண்ணப்பத்தில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

கணக்கு கிடைக்கவில்லை. தாவரவியலுக்கு விலங்கியலும் வேதியியலும்தான் அல்லைடு, கணக்கு வராது என்று அலுவலகத்து ஐயா கண்ணாடிக்கு மேலே பார்த்துச் சொன்னார். விவரக் கையேட்டில் அது அச்சடித்தே இருந்தது. நான் அட்டைப்படத்தில் இருந்த ஆலமரத்தை மட்டும் பார்த்துவிட்டு விண்ணப்பித்தவள்.

17 பிப்ரவரி

ஆலமரம் நன்றாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

22 பிப்ரவரி

இப்போது என் விதி. தங்கை மகளுக்கு இதைத்தான் சொன்னேன். பிடித்த பாடங்களை ஒரு தாளில் எழுதி, எதைத் தனியாகப் படிக்க முடியும், எதற்கு ஆய்வகமும் ஆசிரியரும் வேண்டும் என்று இரண்டாகப் பிரித்துக்கொள். இரண்டாவது கூட்டத்துக்குத்தான் கல்லூரி தேடவேண்டும். கணக்குக்குத் தாளும் பென்சிலும் போதும், தமிழுக்குப் புத்தகம் போதும், பயாலஜிக்கு நுண்ணோக்கி வேண்டும். ஆகவே பயாலஜிக்கு நல்ல இடம் எது என்று பார், மற்றது ஞாயிற்றுக்கிழமை.

2 மார்ச்

மேலே எழுதிய விதியைத் திரும்பப் படித்தேன். சுத்தமாக இருக்கிறது, ஆனால் என் வாழ்க்கையிலேயே நடக்கவில்லை. அழித்துவிடலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும், அடுத்தவர் ஏமாறாமல் இருக்க உதவும்.

என்ன நடந்தது என்றால், தனியாகப் படித்துக்கொள்ளலாம் என்று விட்ட கணக்கு பதினொரு வருடம் அலமாரியில் கிடந்தது. 2009இல் பகுதிநேர முதுகலை சேர்ந்தபோது, களத்தில் எண்ணிய செடிகளை வைத்து ஒரு புள்ளியியல் சோதனை போடச் சொன்னார்கள். இரவு பதினொரு மணிக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து சனிக்கிழமை சனிக்கிழமை உட்கார, வந்துவிட்டது. தமிழ் அதைவிட மோசம். சென்னையில் மூன்று வருடம் கஷ்டப்பட்டுப் பிடித்த தமிழ், ஊருக்கு வந்து கிரியோலும் பிரெஞ்சும் பேசிப் பேசி ஐந்தே வருடத்தில் வற்றிப்போனது. புத்தகம் எல்லாம் கூடவே இருந்தது. பேச ஆள்தான் இல்லை. ஆய்வகம் இல்லாமல் முடியாது என்று நினைத்த தாவரவியல் மட்டும் தானாக வளர்ந்தது, காட்டுப் பாதையில் நடந்தாலே போதும், ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று கண்ணில் படும்.

ஆகவே கேள்வியை மாற்றுகிறேன். எந்தப் பாடம் ஆள் கூட்டம் இல்லாவிட்டால் செத்துப்போகும்? அது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். உங்கள் மகள் வீட்டில் யாரும் சொல்லாமல் எதை எடுத்து உட்காருகிறாள், எதை லெசோன் இருக்கும் நாளில் மட்டும் தொடுகிறாள் என்று ஒரு மாதம் பாருங்கள். லெசோன் இருந்தால் மட்டும் நடப்பது எதுவோ, அதற்குத்தான் கல்லூரி தேவை.

3 மார்ச்

லெசோன் என்றால் என்ன என்று டர்பன்காரர் ஒருவர் கேட்கிறார். டியூஷன். இங்கே பள்ளி மணி அடித்த பிறகுதான் பாதிப் படிப்பு, சனிக்கிழமை காலையும் சேர்த்து.

12 மார்ச்

தேசிய தினம், விடுமுறை, மாடியெல்லாம் நாலு வண்ணக் கொடி. மழை வரும்போலிருக்கிறது.

லோரேயா (எச்எஸ்சியில் முந்தி வந்து அரசு உதவித்தொகை வாங்கும் பிள்ளை) பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், இந்தத் தீவில் யார் இந்தப் பேச்சை எடுத்தாலும் அங்கேதான் போய் நிற்கும். எச்எஸ்சி முடிவு வந்ததும் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளி முற்றத்தில் ஓடுவார்கள், எனக்கும் கண்ணீர் வரும், மறுக்கவில்லை. ஆனால் அரசு உதவித்தொகையை அறிவியல், பொருளாதாரம், கலை, தொழில்நுட்பம் என்று பக்கம் பிரித்துத்தான் தருகிறார்கள். கணக்கு, பயாலஜி, தமிழ் என்று கலந்து எடுத்த பிள்ளையை எந்தப் பக்கத்தில் எண்ணுவார்கள் என்று பள்ளியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லோவர் சிக்ஸிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இப்போதாவது கேளுங்கள். அதற்காகப் பாடத்தை மாற்றச் சொல்லவில்லை. ஒரு பரிசுக்காகப் பிள்ளைக்குப் பிடித்ததை விடவைத்து, பரிசும் வராமல் போன வீடு ஒன்று எனக்கு மிக நன்றாகத் தெரியும். எங்கள் வீடு.

பரிசு வராவிட்டாலும் உள்ளூர்க் கதவு திறந்தே இருக்கிறது. 2019 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டத்துக்குக் கட்டணம் இல்லை. மொகாவில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது, தமிழில் பட்டம் அங்கேதான், ரெதுயிக்குப் பக்கம். ஒன்றில் சேர்ந்துகொண்டு இன்னொன்றின் மாலை வகுப்புக்கோ கூட்டத்துக்கோ போய்வர முடிகிற தூரம். சின்னத் தீவின் லாபம் இது ஒன்றுதான், எல்லாம் ஒரு பஸ் டிக்கெட் தூரம்.

30 மார்ச்

ஏஜென்ட் விஷயம். தங்கை மகளை ஒரு ஆலோசனை நிறுவனத்துக்குக் கூட்டிப்போனோம், ஏசி அறை, காபி, சுவரெல்லாம் கொடி. எதைக் கேட்டாலும் சுற்றிச் சுற்றி ஒரே பல்கலைக்கழகத்துக்குத்தான் வந்தார்கள். மொழியியலும் உயிரியலும் சேர்த்துப் படிக்க முடியுமா என்று பிள்ளை கேட்டதற்கு, சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார் அங்கே இருந்தவர். வீட்டுக்கு வந்து அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடவிதிகளைப் படித்தால், இரண்டும் வேறு வேறு புலம், மாறினால் முதல் வருடத்திலிருந்து. இந்த மாதிரி நிறுவனங்கள் பலவற்றுக்குச் சேர்க்கும் பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவு என்று பல்கலைக்கழகமே கொடுக்கிறது. தப்பென்று சொல்லவில்லை, காபி ஏன் இலவசம் என்று தெரிந்துகொண்டு குடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக நாங்கள் செய்தது: துறைக்கே நேரடியாக ஒரு மின்னஞ்சல். ஒரே கேள்வி. இந்த இரண்டு பாடத்தையும் சேர்த்துப் போன வருடம் எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் ஒருவரோடு பேச முடியுமா? ஒன்பது இடத்துக்கு எழுதினாள். நாலு பேர் பதிலே போடவில்லை. மூன்று பேர், கொள்கை அளவில் முடியும் என்றார்கள். கொள்கை அளவில் என்றால் கால அட்டவணையில் மோதும் என்று படிக்கவும். இரண்டு இடம்தான் ஆளைக் காட்டியது. அதில் ஒரு பெண், முடியும், ஆனால் இரண்டாம் வருடம் புதன்கிழமை மத்தியானச் சாப்பாடு கிடையாது என்று எழுதியிருந்தாள். தங்கை மகளுக்கு அந்த இடம்தான் பிடித்துவிட்டது.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்து. பாயசம் ஆறுவதற்குள் ஒன்றிரண்டு.

இங்கிலாந்து வேண்டாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அப்படிச் சொல்லவில்லை. அங்கேயும் கலவை உண்டு, ஆனால் கலவையே ஒரு பட்டமாக இருக்க வேண்டும். லண்டன் யூசிஎல்லில் 2012 முதல் கலையும் அறிவியலும் சேர்ந்த பட்டம் ஒன்று இருக்கிறது. கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் என்று சேர்ந்து, முதல் வருடம் பல அறிவியல்களைச் சேர்த்துப் படித்துவிட்டுப் பிறகு ஒன்றை நோக்கிப் போகலாம், ஆனால் அதில் தமிழோ ஓவியமோ கிடையாது. அவர்களுக்குப் பல என்றால் நாலு வகை அறிவியல்.

பிரிட்டனின் பொது விண்ணப்ப முறையான யூகாஸில் சிக்கல் வேறு மாதிரி. ஐந்து இடம் தேர்ந்தெடுக்கலாம், ஐந்துக்கும் ஒரே கட்டுரைதான் போகும். ஒரு இடத்துக்கு உயிரியல், இன்னொன்றுக்குக் கணக்கு என்று போட்டால் இரண்டு பேரும், இந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று தெரியவில்லை என்பார்கள். 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்வி வைத்திருக்கிறார்கள், மொத்தம் 4000 எழுத்துதான். ஏன் இந்தப் பாடம் என்பது முதல் கேள்வி. அந்த 'இந்த' என்ற சொல்லில்தான் உங்கள் மகள் மாட்டுவாள். ஐந்தையும் ஒரே சாயலில் வைத்தால் தப்பலாம்.

ஸ்காட்லாந்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை: ஏ லெவல், அதாவது நம் எச்எஸ்சி, மதிப்பெண் நன்றாக இருந்தால் சில பட்டங்களில் நேராக இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஒரு வருடக் கட்டணம் மிச்சம் என்று அப்பாக்கள் சந்தோஷப்படுவார்கள். எந்த அகலத்துக்காக அங்கே போனோமோ, அதில் பாதி அந்த வருடத்தோடு போய்விடும்.

20 ஏப்ரல்

டர்பன்காரர் என்னைத் திருத்துகிறார், சரியாகவே. முடிவு வந்த பிறகு நிதானமாக விண்ணப்பிக்கலாம் என்று ஒருவருக்குத் தனியாகச் சொல்லியிருந்தேன். அது ரெதுயிக்குப் பொருந்தும். தென்னாப்பிரிக்காவில் வகுப்பு பிப்ரவரியில் தொடங்குகிறது, கதவு அதற்கு முந்தைய வருடம் நடுவிலிருந்தே மூட ஆரம்பித்துவிடும், கேப் டவுன் ஜூலை மாதமே. நம் பிள்ளைகள் எச்எஸ்சி எழுதுவதே அக்டோபர், நவம்பரில், முடிவு புது வருடத்தில்தான். முடிவு கைக்கு வருவதற்குள் அங்கே வகுப்பறை நிரம்பியிருக்கும். அவர் சொன்ன இன்னொன்று: குவாசுலு நட்டாலில் ஒரே மைய அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டு, பட்டங்களை விருப்ப வரிசையில் எழுதலாம். தன் பையன் முதல் வரிசையில் மருத்துவம், இரண்டாவதில் இசை என்று எழுதியதைப் பார்த்து மாமியார் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையாம்.

21 ஏப்ரல்

மாமியார் இப்போது சாப்பிடுகிறாராம். பையனுக்குக் கிடைத்தது இரண்டாவது.

18 மே

அமெரிக்கா பற்றி மூன்று பேர் கேட்டாகிவிட்டது. எனக்கு அங்கே அனுபவம் இல்லை, தங்கை மகளோடு உட்கார்ந்து விண்ணப்பம் போட்ட அனுபவம் மட்டும். எல்லாம் பிடிக்கும் பிள்ளைக்கு அந்த நாட்டு முறைதான் காகிதத்தில் ஏற்றது. பிரவுனில் 1969 முதல் கட்டாயப் பொதுப்பாடப் பட்டியலே கிடையாது, ஆம்ஹெர்ஸ்டும் கிட்டத்தட்ட அப்படி. கொலம்பியா நேரெதிர், எல்லோரும் சேர்ந்து படிக்க வேண்டிய பொதுப்பாடங்கள் இருக்கின்றன. இரண்டையும் அகலமான படிப்பு என்றே விளம்பரம் செய்வார்கள். உங்கள் மகளுக்கு எது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு: எதற்கு விடவேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்குக் கட்டாயப் பட்டியல் ஒத்துவராது. ஆனால் நானே பகுதி ஒன்று தமிழை யாராவது கட்டாயம் ஆக்கியிருந்தால் இன்னும் சந்தோஷமாகப் படித்திருப்பேன், ஆகவே ஊகம்தான்.

ஒரே படிவத்தில் 20 இடம் வரை போடலாம் என்பதால் 20 போடாதீர்கள். ஒவ்வொன்றும் தனிக் கட்டுரை கேட்கும், பல இடங்களில் பணமும். கல்லூரி பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பண உதவி தருகிறதா என்று பாருங்கள். வீட்டு வசதியைப் பார்க்காமல் வெளிநாட்டுப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, தேவைப்பட்டதைக் கொடுக்கும் இடங்கள் கொஞ்சம்தான்: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் என்று விரல்விட்டு எண்ணலாம், நுழைவதும் அதற்கேற்ற கஷ்டம். மற்ற பல இடங்களில், பண உதவி கேட்டதே உங்களுக்கு எதிராக நிற்கலாம். தங்கை மகள் பதினான்கு போட்டாள். ஆறு போதும் என்று அப்போதும் சொன்னேன், கேட்கவில்லை. பன்னிரண்டாவது கட்டுரையில் வேறொரு கல்லூரியின் பெயர் அப்படியே இருந்தது, அனுப்பிய பிறகுதான் பார்த்தோம்.

20 ஜூலை

ரோஸ் ஹில் அண்ணா, நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். கேப் டவுன், கிளாஸ்கோ, யூசிஎல், ரெதுயி, பக்கத்துத் தீவு ரீயூனியன், அமெரிக்காவில் இரண்டு. ஏழு, எண்ணிக்கை சரி. கேப் டவுனுக்கு இந்த மாதக் கடைசிக்குள் போட்டுவிடுங்கள். ரீயூனியனுக்கு பிரெஞ்சு அரசின் காம்பஸ் பிரான்ஸ் வழியாகத்தான் போக வேண்டும், அதற்கென்று நேர்காணலும் இருக்கும், பிள்ளை பிரெஞ்சில் தடுமாறமாட்டாள். யூசிஎல்லும் கிளாஸ்கோவும் ஒரே யூகாஸ் கட்டுரையில் போவதுதான் இடிக்கிறது. கிளாஸ்கோவில் எந்தப் பாடத்தைக் குறித்திருக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை.

ஓவியத்தைப் பட்டியலில் எங்கேயும் காணோம். யார் எடுத்தது, அவளா நீங்களா?

21 ஜூலை

அவளே எடுத்தாளா. சரி, என் மேல்தான் தப்பு. யாரும் சொல்லாமலே தினமும் வரைகிறாள் என்றால் அதற்குக் கல்லூரி தேவையில்லை, என் விதிப்படிதான் நடந்திருக்கிறாள். எனக்கு ஏன் துக்கமாக இருக்கிறது என்று யோசித்தேன், என் கணக்கு ஞாபகம் வந்துவிட்டது போல. உங்கள் மகளின் விண்ணப்பத்தில் என் 1998ஐ நுழைக்கிறேனோ என்று முன்பே ஒருமுறை தோன்றியது, தங்கையும் சொன்னாள். என் குறிப்புகளில் கொஞ்சத்தைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

5 அக்டோபர்

எச்எஸ்சி நெருங்கிவிட்டது, வாசலில் பிள்ளைகளின் முகம் எல்லாம் உப்புப் போட்ட மாங்காய் மாதிரி வாடிக் கிடக்கிறது. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் விண்ணப்பத்தை இந்த மாத நடுவில் கேட்கும், நம் பிள்ளைகளுக்குச் சரியாகத் தேர்வு நேரம். யாராவது கடைசி நேரத்தில் அதையும் சேர்க்கலாம் என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள். மற்ற யூகாஸ் இடங்களுக்கு ஜனவரி நடுவரை நேரம் இருக்கிறது, நவம்பர் முடிந்து ஒரு வாரம் தூங்கிவிட்டு எழுதட்டும்.

பஸ்ஸில் ஒரு பிள்ளையைப் பார்த்தேன், உங்கள் மகளாக இருக்காது, வேறு பள்ளிச் சீருடை. தமிழ் நோட்டின் பின்பக்கம் முழுக்க வகைக்கெழுக் கணக்கு, ஓரத்தில் ஒரு மீன் வரைந்திருந்தாள். கேட்க நினைத்தேன், கத்ர் போர்ன் ஸ்டாப் வந்துவிட்டது, இறங்கிவிட்டாள்.

முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள் அண்ணா, எந்தக் கதவு திறந்தது என்று. நான் சொன்னதில் எது எது தப்பு என்பதையும்.